மருந்து என்று எழுதிய டப்பா

அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உயிரோடும், ஓரளவு உலர்ந்த துணிமணியோடும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட உலர்ந்து இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி உன்னோடு போனில் பேசியதை நான் கதவுக்குப் பின்னால் நின்று முழுசாகக் கேட்டேன். வெள்ளம் வந்துச்சு, போச்சு, உங்க சித்தப்பா லேபிளைப் பார்த்து டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துட்டார், ஒரு குறையும் இல்லை என்றாள். நீயும் அந்தப் பக்கத்திலிருந்து எங்க சித்தப்பா சிங்கம் என்றாயாம். மகளே, அந்தச் சிங்கத்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. எனக்கே சோறு இறங்கவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று உனக்குப் புரியும். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். அங்கங்கே கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியிருப்பேன், அது பிறவிக் கோளாறு, ஆனால் என் தப்பை மட்டும் ஊதவும் இல்லை சுருக்கவும் இல்லை.

போன வருஷம் மாவட்ட அலுவலகத்து அதிகாரி அம்மா வந்து சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டிவிட்டுப் போனார். மேலே அணையைத் திறந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று சிவப்பு அடித்திருந்தார்கள். நம் வீடு அந்தச் சிவப்புக்கு நட்ட நடுவில். படம் போட்டவர் நம் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் மைக்கூட்டைக் கவிழ்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு படிவமும் கொடுத்தார்கள், அதை நிரப்பி வாங்கும் பொறுப்பு பக்கத்து வீட்டு ரெடிக்கு. அவரை மறந்திருக்க மாட்டாய், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும் ரெடி என்பார், எதற்கு ரெடி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கழுத்தில் விசில், இடுப்பில் டார்ச், அதுவும் பட்டப்பகலில். அவர் வீட்டுக் கயிறுகளை எல்லாம் முடிந்து நீட்டினால் நிலாவைக் கட்டி இழுத்து வந்து கொல்லையில் போடலாம். அப்பேர்ப்பட்டவர் வந்து படிவத்தை நீட்டினார். சிறப்புக் கவனம் தேவைப்படுவோர் என்ற கட்டத்தில், நான், காரணம் மனைவியின் சமையல் என்று எழுதினேன். வீட்டில் உள்ள அபாயங்கள் என்ற கட்டத்தில், மேற்படி மனைவி என்று எழுதினேன். எழுதிவிட்டு நானே பத்து நிமிஷம் சிரித்தேன். ரெடி சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே, இதை அழிச்சுட்டு உங்க வீட்டம்மாவையே கேட்டு எழுதிக்கிறேன் என்று சமையலறைப் பக்கம் போய்விட்டார். சிரிப்பு நரம்பு அறுந்த ஜென்மம் என்று அன்றைக்குத் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்து நீ வந்தாய், நம் வீட்டுக்கென்று தனிச் சட்டம் போட்டாய். கதவுக்குப் பின்னால் பட்டியல் ஒட்டினாய். அபாயச் சங்கு ஊதினால் சித்தி பத்திரங்களும் துணியும் எடுக்க வேண்டும், சித்தப்பா ஃப்ரிட்ஜில் இருக்கும் சித்தியின் இன்சுலின் டப்பாவைக் குளிர்ப்பையில் வைத்து எடுக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு வேலை. என் அறிவின் ஆழத்தை நீ எவ்வளவு சரியாக அளந்து வைத்திருக்கிறாய் என்று இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. நாலு பக்கமும் கிளிப் மாட்டும் டப்பா வாங்கி, மருந்து என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். நீ போன பிறகும் வாராவாரம் கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தேன். நாற்பது வினாடி. தீயணைப்புப் படையே வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டிய வேகம்.

என்னைக் கெடுத்தது அந்த டப்பாவின் மூடிதான். தூண்டிலுக்குப் போடும் புழுக்களை நான் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பழைய வெண்ணெய் டப்பாவில் வைப்பது உனக்குத் தெரியும், குளிரில்தான் அவை நாள்பட உயிரோடு கிடக்கும். அதில் ஒரு தறுதலை வெளியேறி, தக்காளிக்குப் பக்கத்தில் சாய்ந்து படுத்திருந்ததை உன் சித்தி பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்துக்கே அணை உடைந்திருக்க வேண்டும். இன்னொரு புழு வெளியே வந்தால் நீங்களும் வெளியேதான் என்று சொல்லிவிட்டாள். உடனே என் மூளை வேலை செய்தது, அது வேலை செய்யும் நாட்களில்தான் இந்த வீட்டுக்குக் கேடு. கிளிப் டப்பாவிலிருந்து இன்சுலினை எடுத்து, வெண்ணெய் டப்பாவைக் கழுவி அதில் வைத்தேன், மூடியில் ஊசியால் நாலு துளை போட்டுக் கிளிப் டப்பாவில் புழுக்களைக் குடியேற்றினேன். மருந்தை மாத்தி வைங்க, மாத்தி வைங்க என்று சித்தி நாலு நாள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போய் வந்ததும் மாத்திடறேன் என்றேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கு ஊதிவிட்டது. என்னைக் கேட்காமலே அணையைத் திறந்துவிட்டார்கள்.

சங்கு ஊதியதும் நான் நின்ற நிலை இருக்கிறதே, சேனாதிபதி தோற்றுப்போவான். ஃப்ரிட்ஜ், டப்பா, பை, வாசல். முப்பத்தெட்டு வினாடி. சித்தி பத்திரப் பெட்டியோடு தடுமாறிக்கொண்டே மருந்து எடுத்தீங்களா என்றாள். லேபிளைப் பார்த்தே எடுத்தாச்சு என்றேன். பால் வண்டிக்காரர் தெரு முனையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டிருந்தார், அதற்குள் தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது. ரெடி விசிலை ஊதி ஊதித் தலை எண்ணினார். நான் அவரிடம் என் வினாடிக் கணக்கைச் சொன்னேன், அந்த நேரத்திலும்.

மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு அறை எங்களுக்கு. முழங்கால் மோவாயில் இடிக்கும் பெஞ்சு. ஒரு மணிக்குச் சாப்பாடு வந்தது, சாப்பிடும் முன் ஊசி போட வேண்டும் என்று சித்தி பையைத் திறந்து டப்பாவின் கிளிப்பைக் கழற்றினாள். மகளே, உள்ளே எல்லாரும் நலமாக இருந்தார்கள். நம் குடும்பத்தில் பட்டியல்படி, முறைப்படி, குளிர்ப்பையில் வைத்துக் காப்பாற்றப்பட்ட ஜீவன்கள் அந்தப் புழுக்கள் மட்டும்தான். சித்தி கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. நாலு கிளிப்பையும் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள். நாலு நாளா சொன்னேன் என்றாள். அவ்வளவுதான். போன வருஷம் இரண்டு வேளை ஊசி தவறியதற்கே அவள் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாலம் தண்ணீருக்குள். மருந்து நம் வீட்டில், வெண்ணெய் டப்பாவில், எந்த ஆழத்தில் என்று தெரியாது.

ரெடியிடம் போய் நின்றேன். டப்பாவைத் திறந்து நீட்டினேன். பார்த்தார். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை, குத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோப்பைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். உன் சித்தியின் மருந்துப் பெயர், எத்தனை யூனிட், எந்தெந்த வேளை, எல்லாம் அவர் கையெழுத்தில். உடனே ஒரு போன் போட்டுப் பேசினார். இதன் நகல் சுகாதார நிலையத்து நர்ஸிடம் போன வருஷமே கொடுத்தாச்சு, மருந்தோட கிளம்பிட்டாங்களாம், மேல் சாலையைச் சுற்றி வரணும், ரெண்டு மணி நேரம் ஆகும் என்றார். அந்த இரண்டு மணி நேரம் சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாக்கு வறளுது என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். சும்மா இருக்கறதுக்கு ஏதாவது அளந்து விடுங்களேன், கேட்போம் என்றாள். அறுபத்திரண்டு வயசில் முதல் முறையாக எனக்கு ஒரு பொய்கூட வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கரும்பலகையில் இருந்த ஏழாம் வாய்ப்பாட்டையே படித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு நர்ஸ் சேறும் சகதியுமாக உள்ளே வந்து குளிர்ப்பெட்டியைத் திறந்தார். அந்தப் படிவத்தில் நான் எழுதியது அப்படியே இருந்திருந்தால், அந்த அம்மாள் மருந்துக்குப் பதில் எனக்கு ஒரு சமையல்காரரை அழைத்துக்கொண்டு வந்து நின்றிருப்பார்.

இப்போது சித்திக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சத்தியமாக, இது அளப்பு இல்லை, வேண்டுமானால் நர்ஸிடமே போன் போட்டுக் கேள். வீட்டில் சுவரின் சுவிட்ச் பலகை வரை சேற்றுக்கோடு. ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது, வெண்ணெய் டப்பா வேலியில் மாட்டிக்கொண்டிருந்தது. புழுக்களைப் பள்ளித் தோட்டத்தில் விட்டுவிட்டேன், என்னைவிடப் பொறுப்பாக ஏதாவது செய்யும். நேற்று ரெடி புதுப் படிவத்தோடு வந்தார். இந்த முறை உட்கார்ந்து, சித்தியின் மருந்து, அளவு, வேளை எல்லாம் அழகாக நானே எழுதினேன், ஒரு எழுத்து அடிக்கவில்லை. அபாயங்கள் என்ற கட்டம் வந்தது. கணவன், ஃப்ரிட்ஜ் பக்கம் விடக் கூடாது என்று எழுதி நீட்டினேன். ரெடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் மட்டும் குலுங்கியது. இதை அழிக்க வேண்டியதில்லை என்று கோப்பில் வைத்துக்கொண்டார்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று, என் புத்தியில் ஒரு துளிகூட ஒட்டாமல், நீண்ட காலம் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உடனே கிளம்பி வந்து எங்களைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று ஆரம்பிக்காதே. வரும்போது ஒரு டப்பா மட்டும் வாங்கி வா, அதைத் திறக்கும் உரிமை உன் சித்திக்கு மட்டும். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது, போனில் கேட்டால் சிங்கம் என்றே சொல்லிக்கொண்டிரு, ஆனால் உனக்குத் தெரிந்திருக்கட்டும். இன்னொன்று, படித்து முடித்ததும் எழுந்து போய் உன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திற. லேபிளைப் படித்துவிட்டு மூடாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்.

இப்படிக்கு,
ஒரே ஒரு வேலை கொடுக்கப்பட்ட
உன் சித்தப்பா