அண்ணிக்கு, நீர் மாத்திரை பற்றி

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு நலம். அங்கும் நலமென்று நம்ப ஆசைதான். போனில் கேட்டிருப்பேன். ஒரே அறை வீட்டில் அண்ணன் காதில் விழாமல் நீங்கள் எப்படிப் பதில் சொல்வீர்கள்? அதனால்தான் உங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. காலையில் அண்ணனுக்கு என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை, "இரும்மா, வந்துடறேன்" என்று பாத்ரூமுக்கு ஓடினார். முப்பது வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். நூறு அடுக்குத் துணியைக் கை நடுங்காமல் வெட்டுகிறவர். தலைவலி என்று அவர் வாயால் நான் கேட்டதில்லை. உங்களைக் கல்யாணம் செய்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் பிரஷராம், கால் வீக்கமாம். சாப்பாட்டில் உப்புக் கிடையாதாம். தினமும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறீர்களாம். அவர் என்ன, உங்கள் ஆய்வகத்து எலியா?

பள்ளி ஆய்வகத்தில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது உங்கள் வேலை. எந்த மருந்து என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாதா! நான் எதுவும் சொல்லவில்லை, கேட்கிறேன், அவ்வளவுதான். அம்மா போனபிறகு எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவர். எனக்கு வேறு யாரும் கிடையாது.

மாதாமாதம் அனுப்புவதுபோல் அவருக்கு சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். பார்சலை அவரே பிரிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூன் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. ஆய்வகத்து அமிலமெல்லாம் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. சாவி தலைமையாசிரியையிடம். சந்தேகமிருந்தால் அவருக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.

அது நீர் மாத்திரை. உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியே தள்ளும். பிரஷரும் வீக்கமும் அதனால் இறங்கும். அவர் ஓடுவதும் அதனால்தான். சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் கெடும் என்று டாக்டர் காலையில் கொடுக்கச் சொன்னார். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், மெல்ல எழ வேண்டும். வாந்தி, பேதி வந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அவ்வப்போது ரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். எடை இரண்டே நாளில் கிடுகிடுவென்று ஏறினால் அது சதையில்லை, நீர். காலண்டரில் எழுதுவது அதற்காக. டாக்டர் சீட்டின் நகல் வைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மட்டுமா சந்தேகம்? எனக்கும்தான். மாத்திரை ஒழுங்காகப் போகிறது, வீக்கம் போகவில்லை. எடை ஏறுகிறது. மாத்திரையை அடக்கி வைத்துத் துப்புகிறாரோ என்று நேற்று, "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்றேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொழிற்சாலை கேன்டீனில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரோ என்னவோ. யாரோ எங்கோ பொய் சொல்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 23

அன்புள்ள அண்ணிக்கு,

என் அண்ணனை நாக்கைத் தூக்கச் சொன்னீர்களா? நல்லது. வேலை செய்யாத மாத்திரையை எதற்குக் கொடுக்க வேண்டும்? பத்து நாள் நிறுத்திப் பாருங்கள். நிறுத்த மனம் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

நாத்தனார்


ஜூலை 1

அன்புள்ள நாத்தனாருக்கு,

நிறுத்தவில்லை. நிறுத்துவது, குறைப்பது, கூட்டுவது எல்லாம் டாக்டர் சொல்லித்தான். நீங்கள் என்ன யோசித்தாலும் சரி.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகம் தடுமாறுகிறது. டாக்டர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "மூட்டுவலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" சில வலி மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்குமாம். நீர் மாத்திரையை வேலை செய்ய விடாதாம். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்தாம். அவர், "இல்லையே" என்றார். சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

போன வருஷம் படியேறும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியவர் இப்போது முனகுவதில்லை. அது ஏன் என்று நான் கேட்காமல் விட்டது என் தப்பு. உங்களிடம் ஏதாவது சொன்னாரா? ஒரு வரி எழுதுங்கள். இல்லை, போன் செய்யுங்கள். அவர் காதில் விழுந்தாலும் பரவாயில்லை.

அண்ணி


ஜூலை 20

நாத்தனாருக்கு,

உங்கள் பதில் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கட்டிங் டேபிள் பக்கத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. நுரையீரலில் நீர். ஊசி போட்டு வடிக்கிறார்கள். கண் திறந்து பேசுகிறார், பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். சிறுநீரகம் பழையபடி வருமா என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

தொழிற்சாலையில் அவர் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். துணியில் கோடு போடும் சாக்பீஸ் டப்பாவில் வலி மாத்திரை அட்டைகள். அதைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதம்: "சாக்ஸுக்குள் வைத்திருக்கிறேன். தினம் இரண்டு. அண்ணியிடம் சொல்ல வேண்டாம்." யார் கையெழுத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

அட்டையை டாக்டரிடம் காட்டினேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்த உங்கள் அண்ணன் சொன்னார்: "கடையில நானே வாங்கினேன்." அப்போதும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அண்ணி


ஜூலை 27

அண்ணி,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஓட்டல் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறேன், எனக்கும் முழங்கால் வலி. எனக்கு நன்றாகக் கேட்ட மாத்திரை என்று அண்ணனுக்கும் அனுப்பினேன். உங்களிடம் சொன்னால் தடுப்பீர்கள் என்று மறைத்தேன். இதுவரை அறியாமை என்று சொல்லலாம்.

இதற்குமேல் சொல்ல முடியாது. ஜூலை முதல் தேதி நீங்கள் எழுதிய கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. படித்தவுடன் மாத்திரை டப்பாவிலிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. போனை எடுத்தேன். நீங்கள் எடுத்தால் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். வைத்துவிட்டேன். அண்ணனிடம் மட்டுமாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அவர் உங்களிடம் உளறிவிடுவாரோ என்று பயந்தேன். புதன்கிழமை வரை ஒன்பது நாள். உங்களிடம் தோற்கக் கூடாது என்று ஒன்பது நாள் அண்ணனை அதைச் சாப்பிட விட்டேன்.

எனக்கு அண்ணனைப் பார்க்க வேண்டும். வரலாமா?

நாத்தனார்


ஆகஸ்ட் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டார். வீக்கம் வற்றிவிட்டது. நீர் மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றியிருக்கிறார். முழங்காலுக்கு வேறு வழி சொல்லியிருக்கிறார். மறுபடி முனகுகிறார். கேட்க நிம்மதியாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். "குட்டி எப்ப வருவா?" என்று தினமும் கேட்கிறார்.

வாருங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். பாயும் தலையணையும் எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் வாசலில் உங்கள் பையைத் திறந்து பார்ப்பேன். துணிமணி, சாக்ஸ், கைப்பை எல்லாவற்றையும் உதறிப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் உள்ளே கூப்பிடுவேன்.

அன்புடன்,
அண்ணி