முப்பதாவது இதழ்

பிப்ரவரி 4

என் கணக்கு டீச்சருக்கு,

நலம்னு எழுதினா நீ நம்பமாட்டே, அதனால எழுதலை. போனை எடுக்கமாட்டேங்கிறே. தபால்காரரையாவது நீ திருப்பி அனுப்பமாட்டேன்னு நம்பி எழுதறேன்.

நீ போய் எட்டு மாசம் ஆச்சு. நீ வரைஞ்சு வச்சிட்டுப் போன மகரந்தத் துகளை நூலகத்துக்காரங்க கேட்டுட்டாங்க. முன்கூடத்துல ஆள் உயரத்துக்கு வைக்கணுமாம். கண்ணுக்கே தெரியாத தூசியை ஆள் உயரத்துக்குக் கேக்கறாங்க பாரு! லேசர் மெஷின் மூணு நாள் மரப்பலகையை வெட்டுச்சு. ஒண்ணோடொண்ணு கோத்து உருண்டையாக்க வேண்டிய முப்பது இதழும் அச்சு அசல் ஒண்ணு போல. பட்டறை முழுக்கக் கருகின வாசனை. சமையலறையிலயும் அதே வாசனைதான், ஆனா அதுக்கு மெஷின் காரணமில்லை.

இருபத்தொன்பது இதழைக் கோத்துட்டேன். முப்பதாவதுதான் மக்கர் பண்ணுது. உனக்குத்தான் தெரியுமே, ஒருத்தர் ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிக்கணும், இன்னொருத்தர் நுழைக்கணும். நாம செஞ்ச எல்லா உருண்டையையும் அப்படித்தானே மூடினோம். நாலு கை வேணும். ஒரு நாள் வந்துட்டுப் போயேன்.

ரம்பம்


பிப்ரவரி 15

உங்களுக்கு,

கடிதம் கிடைச்சது. அளவு தப்பாம வரையறேன்னு நீங்க எனக்கு வச்ச டீச்சர் பேரையும் விடலை, நான் உங்களுக்கு வச்ச பேரையும் இன்னும் கையெழுத்தா போடறீங்க. பேச ஆரம்பிச்சா அறுத்துத் தள்ளுவீங்கன்னுதான் ரம்பம்னு வச்சேன். சொல்ல வேண்டியது வந்தா மட்டும் வாயே திறக்கமாட்டீங்க.

இங்கே செருப்புக் கம்பெனியில அடிப்பாகம் வரையறேன். ஒரு அறை, ஒரு ஜன்னல், எதிரே சுவர். ஞாயித்துக்கிழமை யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாமலே முடிஞ்சிடுது. அழுகை வந்தா அழுதுட்டு, பாத்திரத்தைக் கழுவி வச்சிடறேன்.

பக்கத்துப் பூட்டுக்கடைக்காரரைக் கூப்பிட்டா பிடிக்கமாட்டாரா? நாலு கைதான் வேணும்னா, யார் கையா இருந்தா என்ன? நான் ஏன் வரணும்? அதை மட்டும் எழுதுங்க.

நம்ம உருண்டைகளை வச்ச கண்காட்சியில ஒரு பத்திரிகைக்காரர், 'இதுல உங்க மனைவியோட பங்கு என்ன'ன்னு கேட்டார். நீங்க சொன்னது எனக்கு இன்னும் மனப்பாடம். 'அவ சும்மா கம்ப்யூட்டர்ல கோடு போடுவா.' எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

ஜன்னலைத் திறந்து வச்சு வெட்டுங்க. உங்களுக்கு இருமல் வரும்.

சும்மா கோடு போடறவ


பிப்ரவரி 22

டீச்சர்,

பூட்டுக்கடைக்காரர் வந்தார், பிடிச்சார், இதழை முறிச்சார். 'பூட்டுன்னா திறந்துடுவேன் சார், இதை மூட நம்மால ஆகாது'ன்னு கையை விரிச்சுட்டுப் போயிட்டார். மறுபடி ஒண்ணு வெட்டி வச்சிருக்கேன். உன் கை மாதிரி வருமா? எங்கே நிறுத்தணும்னு உனக்குச் சொல்லாமலே தெரியும்.

பத்திரிகைக்காரர் விஷயமெல்லாம் பழைய கதை. ஏதோ வாய் தவறி வந்துடுச்சு. அதையே எத்தனை நாள் பிடிச்சுத் தொங்குவே? ஏன் வரணும்னா, வேலை நிக்குதே, அதுக்குத்தான். மார்ச் இருபதாம் தேதி நூலகத்து வண்டி வருது. அதுக்குள்ள மூடலைன்னா மானம் போயிடும்.

ரம்பம்


மார்ச் 3

உங்களுக்கு,

கேட்டதுக்குப் பதில் கிடைச்சது. சரி.

உறைக்குள்ள ஒரு பென் டிரைவ் இருக்கும். முப்பதாவது இதழை மட்டும் மாத்தி வரைஞ்சிருக்கேன். நுனியில ரெண்டு கொக்கி. விரிச்சுப் பிடிக்க யாரும் வேண்டாம். ஒரே ஆள் உள்ளங்கையால அழுத்தினா போதும், தானா போய் மாட்டிக்கும். இங்கே சின்னதா ஒண்ணு வெட்டிப் பார்த்துட்டேன். நான் தனியாத்தான் இருந்தேன். மூடிடுச்சு.

ஒண்ணு மட்டும் கவனம். பழைய இதழை ரெண்டு பேர் நினைச்சா கழற்றிடலாம். இது மாட்டினா மாட்டினதுதான், கழற்றணும்னா உடைக்கத்தான் வேணும். யோசிச்சு அழுத்துங்க.

இனிமே எந்த உருண்டைக்கும் நீங்க யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

உடம்பைப் பாத்துக்குங்க.


மார்ச் 9

டீச்சர்,

புது இதழை வெட்டிட்டேன். மேஜை மேல இருக்கு, தொடலை. நீ எனக்கு என்ன அனுப்பியிருக்கேன்னு புரியவே ரெண்டு நாள் ஆச்சு. மரத்தோட பழகிப் பழகி மண்டையும் மரமாயிடுச்சு.

வாய் தவறலை. தெரிஞ்சேதான் சொன்னேன். எல்லாரும் உருண்டையைச் சுத்தி நின்னு, 'இதை யார் யோசிச்சது'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. யோசிச்சது நீ, நான் வெட்டினவன். அதைச் சொல்லப் பொறாமை விடலை. தப்பு என்மேலதான். மன்னிச்சுடு.

ஏன் வரணும்னு கேட்டே. நீ இல்லாம இந்த வீட்ல இருக்க முடியலை, அதுக்குத்தான். கைக்காக இல்லை. ரெண்டு தட்டு எடுத்து வச்சிட்டு, ஒண்ணைத் திருப்பி வைக்கறேன். இந்த நாலு வரி எழுத ஒரு நாள் முழுக்க ஆச்சு.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வண்டி. அதுவரைக்கும் அழுத்தமாட்டேன். பழைய இதழும் பக்கத்திலேயே இருக்கு. நீ வந்தா அதைப் போடுவோம்.

உன் ரம்பம்


மார்ச் 20

டீச்சர்,

வண்டிக்காரரை ஒரு மணி நேரம் காக்க வச்சேன். டீ குடிச்சார், திட்டினார், மறுபடியும் டீ குடிச்சார். நான் வாசலையே பார்த்துக்கிட்டு நின்னேன். நூலகத்துப் பெயர்ப்பலகையில உன் பேரை மட்டும் போடச் சொல்லியிருக்கேன்.

பதினோரு மணிக்கு அழுத்தினேன். டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஒரு ஆளே போதுமா இருந்துச்சு. உன் கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு?

வெட்டினவன்