மார்கழியில் தோண்டாத கிழங்கு

என் பிரியமுள்ள பிடிவாதக்காரருக்கு,

பரலோகத்தில் சுகமாக இருப்பீர்கள். அங்கேயும் யாராவது அச்சடித்த காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டீர்கள், எனக்குத் தெரியாதா? ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கொடுத்த கடைசி வாக்கை நான் காப்பாற்றவில்லை.

துறைமுகத்துக்கு மூட்டை எண்ணப் போன டாலி கிளார்க், ஒருநாள் வெளிநாட்டுக் கப்பல் மாலுமி கொடுத்தான் என்று மூன்று கிழங்கோடு வந்து நின்றீர்களே! காலா லில்லி என்ற பூச்செடியாம். கூடவே ஒரு காகிதம். உறைபனி விழுமுன் கிழங்கைத் தோண்டி, உலர்த்தி, குளிர்காலம் முழுக்க இருட்டில் வைக்க வேண்டுமாம். தூத்துக்குடியில் உறைபனி! நம் ஊரில் வெள்ளையாகக் குவிந்து கிடப்பது உப்பு மட்டும்தான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்டீர்களா? ஐப்பசி மழைக்கு அது ஆசையாக இலை விடும். மார்கழி பிறந்ததும் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு போய்த் தோண்டிவிடுவீர்கள். பங்குனியில் மறுபடி நட்டு, சித்திரை வெயிலில் கருக விடுவீர்கள்.

"இப்பத்தானே தழையுது, விட்டுருங்களேன்" என்றால், "ஏளா, அச்சடிச்சவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டோ?" என்பீர்கள். ஐந்து வருஷம் இதே சண்டை. ஒரு மொட்டுகூட வரவில்லை.

அடுக்களையில் காய வைத்திருந்ததில் இரண்டைச் சேப்பங்கிழங்கு என்று நினைத்து உங்கள் அக்கா புளிக்குழம்பில் போட்டாரே, நினைவிருக்கிறதா? முதல் வாயிலேயே தொண்டை அரித்து மைனி குதித்த குதி! ஓடி வந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "கெழங்கு மிச்சம் இருக்கா?" அந்தக் கோபம் மைனிக்கு இன்னும் ஆறவில்லை.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. புரட்டாசியில் படுக்கையில் கிடந்து என்னைக் கூப்பிட்டீர்கள். பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று குனிந்தேன். "மார்கழியில மறக்காம தோண்டிரு." என்னிடம் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். நன்றாக இருக்கிறதா? சரி என்று தலையாட்டினேன். மைனி சாட்சி.

மார்கழி முதல் நாள் மண்வெட்டியோடு போனேன், சத்தியமாகப் போனேன். நாலு இலை, பச்சைப் பசேலென்று நின்றது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நின்றது அது ஒன்றுதான். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. குளிக்கிற தண்ணீரை அதன் பக்கம் திருப்பிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மைனி வந்துவிடுவார். "ஏளா, தோண்டிட்டியா? செத்தவன்கிட்ட சொன்ன வாக்கு, பாத்துக்கோ." நானும் வாய் கூசாமல், "தோண்டிட்டேன் மைனி" என்பேன். அவர் வரும் நேரத்துக்குச் செடிமேல் மீன் கூடையைக் கவிழ்த்துவிடுவேன். தை கடைசி ஞாயிறன்று செடி அடங்கவில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றது. "கோழியா அடைச்சிருக்க?" என்று மைனி கூடையை எடுத்துவிட்டார்.

காலையில் மொட்டாக மூடி வைத்தது பூவாக நின்றது. அண்ணாச்சி கடையில் கடலை மடிக்கிற காகிதம்போலச் சுருண்ட ஒரே இதழ், ஓரம் லேசாக வெளியே மடங்கி, நடுவில் மஞ்சளாக ஒரு விரல். அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். மைனி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒத்த எதழுதானா? மிச்சத்த யாரு பிச்சா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர்தான் முதலில் அழுதார். "இதப் பாக்காமப் போய்ட்டானே, பாவிப்பய."

இந்தக் கிழங்கு உறங்குகிற காலம் நம் ஊரில் சித்திரை வெயில்தான், மார்கழி இல்லை. காகிதம் எழுதியவன் அவன் ஊருக்கு எழுதினான். ஐந்து வருஷமாக நான் சொன்னதுதான் சரி, ஜெயித்துவிட்டேன். ஆனால், "போளா, ஏதோ குருட்டு யோகம்" என்று சொல்ல நீங்கள் இல்லாமல் இது என்ன ஜெயிப்பு? நான் தோற்றே இருந்திருக்கலாம். நீங்கள் இருந்து, வருஷா வருஷம் தோண்டிக்கொண்டே இருந்திருக்கலாம்.

பூவை அறுத்துக் கல்லறைக்குக் கொண்டு போவோம் என்கிறார் மைனி. அறுக்க மாட்டேன். வருகிற மார்கழியிலும் தோண்ட மாட்டேன். இந்த வாக்கையாவது காப்பாற்றுவேன். கோபம் வந்தால் சண்டைக்கு வாருங்கள், வாசலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

சொன்ன பேச்சு கேட்காத உங்கள் மனைவி,
பிலோமினா