அக்கா தெரிந்தெடுத்த ரிவால்வர்

அக்கா,

இன்று காலை இங்கே மிச்சம் என்ற ஊரில், எங்கள் தெருமுனையில், காற்றில் சாய்ந்த பைன் மரமொன்றைக் கவுன்சில் ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரப் பிசின் மணம் பஸ் தரிப்பிடம் வரை வந்தது. கனடாவிலிருந்து வரும்போதெல்லாம் உங்கள் ஜாக்கெட்டில் இருந்த மணம். வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்டேன்.

கடைசியாக நீங்கள் வந்தது அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு. அம்மா உள்ளே படுத்திருந்தார். நீங்கள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, வேலைக்குக் கைத்துப்பாக்கி எடுக்கப்போவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னீர்கள்.

மலைக்காட்டில் மரங்களை அளந்து குறிப்பது உங்கள் வேலை. அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் உங்கள் குழுவில் ஒருவரைக் கரடி கிழித்திருந்தது. அவர் அடித்த மிளகு ஸ்பிரே எதிர்க்காற்றில் அவர் முகத்துக்கே திரும்பியதாம். பயிற்சி முடித்து அனுமதி எடுத்தவர்கள் ஆயுதம் கொண்டுபோகலாம் என்று அதன் பிறகு சொல்லியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஊரில் அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டு, பெயரைக் கேட்டுச் சுட்டதும் ஒரு கைத்துப்பாக்கிதான். அந்த வாசலைக் கழுவியவர் நீங்கள். உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டேன்.

"அதைத் தொடேக்க அப்பான்ர ஞாபகம் வந்ததுதான்," என்றீர்கள். "ஆனா என்னோட சோடியா வாறவளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள். அவளுக்கு ஒண்டு நடந்தா பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது."

பிறகு, சந்தையில் மீன் தெரிந்தெடுக்கிற நிதானத்தோடு விளங்கப்படுத்தினீர்கள். பிஸ்டலில் குண்டு கூடப் போடலாம். ஆனால் குளிரில், கையுறையோடு, குண்டு இடையில் சிக்கிக்கொண்டால் எடுத்துவிட நேரம் கிடைக்காது. ரிவால்வரில் ஆறுதான், பாரமும் கூட, மணிக்கட்டை உதறும். ஆனாலும் அதைத்தான் நம்பலாம். இடுப்பில் கட்டினால் முதுகுப்பையின் பட்டி மறைக்கும் என்று நெஞ்சோடு கட்டப்போவதாகச் சொன்னீர்கள். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னீர்கள்.

அடுத்த வசந்தத்தில், குட்டிகளோடு நின்ற கரடி பற்றைக்குள்ளிருந்து பாய்ந்தது. உங்களோடு வேலை செய்த அந்தப் பெண்தான் போனில் சொன்னாள். கரடி அவளை விழுத்தி மேலே நின்றது. நீங்கள் ரிவால்வரை உருவியும் சுடவில்லை. நின்ற இடத்திலிருந்து சுட்டால் அவளில் பட்டுவிடும். அதனால் பக்கவாட்டாகக் கிட்டப்போய்க் கத்தினீர்கள். கரடி அவளை விட்டு உங்கள் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் சுட்டீர்கள். அது விழுந்தது, ஆனால் உங்களை எட்டிய பிறகே விழுந்தது. ஹெலிகாப்டர் வரும்வரை நீங்கள் இருக்கவில்லை.

நீங்கள் எங்கள் மொழியில் ஏதோ கத்தினீர்களாம், அது என்ன என்று அவள் கேட்டாள். காதில் விழுந்தபடி சொல்லியும் காட்டினாள். இரண்டு சொல். "இஞ்ச பார்."

இங்கே பார் என்று கரடியைத் தன் பக்கம் கூப்பிட்டிருக்கிறாள் என்று அவளுக்குச் சொன்னேன்.

அம்மாவிடம் வாகன விபத்து என்றே சொன்னேன். துக்கம் கேட்டு வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "தகப்பனைப்போல இல்லாமல், என்ர பிள்ளை துவக்கு துப்பாக்கி ஒண்டையும் காணாத சாவாவது செத்தாள்."

ஓம் அம்மா என்கிறேன். பக்கத்தில் இருந்து அவர் கண்ணுக்கு மருந்து விடுகிறேன். அண்ணாந்து பாருங்கோ அம்மா, மேல பாருங்கோ என்பேன். இஞ்ச பாருங்கோ என்று மட்டும் வாயில் வருவதில்லை.