பிரேக் ஒயிலில் ஊறிய பத்தொன்பது பேர்

ஒரு கடிதத்துக்கும் நேரத்துக்குப் பதில் போட்டறியாத என் அருமை மச்சான் குலத்துக்கு,

டோர்ட்மண்டில் இன்னும் மழைதான். ஜெர்மன்காரர் எங்களுக்கு இன்னும் வேலை செய்ய அனுமதி தரவில்லை. நீ செத்து இரண்டு மாதமாகியும் இந்த அகதிகள் ஹைமில் உன் கட்டிலுக்கு ஆள் போடவில்லை. அதிலேதான் என் ஈர உடுப்பைக் காயப்போடுகிறேன். கோபிக்காதே, காயப்போட வேறு இடமில்லை.

உன் கடைசி வேலை என் தலையில் விழுந்தது. ஹைமைப் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டர், தன் விளையாட்டு ரயில் ஸ்டேஷனில் நிற்கிற இருபது பிளாஸ்டிக் ஆட்களை, நிறம் மங்கிவிட்டது, புதிதாய்ப் பூசித் தா என்று உன்னிடம் தந்தாரே? சுண்டுவிரல் நுனியளவு சனம். நீ என்னடா செய்தாய்? எல்லாருக்கும் எங்கள் நிறத்தைப் பூசி, சாரமும் சீலையும் உடுத்திவிட்டாய்! மனுசன் திகைத்துப்போய், "என்ர ஸ்டேஷனில எப்ப இவ்வளவு பேர் வந்திறங்கினவை?" என்று கேட்டார். "கழுவித் தாறன்" என்றாய். அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். சனிக்கிழமைக்குள் நிறமெல்லாம் எடுத்துத் தா, நானே பூசிக்கொள்கிறேன் என்று இப்போது என்னிடம் வந்து நிற்கிறார்.

அந்த வாரம்தான் உன் பெண்சாதி, என் தங்கச்சி, எழுதியிருந்தாள்: "அண்ணை, அவற்ர கையால செய்தது ஏதும் இருந்தா எனக்கு வேணும்." உன் கை செய்ததென்று இங்கே என்ன இருக்கிறது? இந்த இருபது பேர்தான்.

அடுத்த அறை ஜெயம் அக்கா, நகப்பூச்சு அழிக்கிற தண்ணி தந்தா. போட்டேன். ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பி உருகித் தோளில் வடிந்தது. "ஐயோ, என்ர நகத்துக்கு ஒண்டும் செய்யேல்லையே!" என்றா.

பிறகு ஒவ்வொருத்தராய்க் காருக்கு ஊற்றுகிற பிரேக் ஒயிலில் ஊறவிட்டு, உன் பல் பிரஷால் தேய்த்தேன். நிறம் பாலாடைபோலச் சுருங்கிக் கழன்றது. ஸ்டேஷன் வாங்கில் தொந்தியோடு சும்மா குந்தியிருந்தவர் நான்தானே? மீசையிலேயே ஆளைப் பிடித்துவிட்டேன், கள்ளா. என்னை நானே தேய்த்தேன். உள்ளே இருந்து பச்சைக் கோட் போட்ட ஜெர்மன்காரர் வந்தார்! இங்கே இருக்க விடுங்கோ என்று நாலு வருசமாய் அன்ட்ராக் எழுதுகிறேன். ஒரு பல் பிரஷ் போதுமென்று ஒருத்தரும் சொல்லவில்லையே. இன்னும் தேய்த்தேன். அவரும் போனார்.

மிஞ்சியது சூட்கேசோடு நிற்கிற பெண். மாம்பழ மஞ்சள் சீலை, அரக்குக் கரை. நீ ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று தங்கச்சி உடுத்தியிருந்த சீலை. அந்தக் கரையை எத்தனை நாள் பிரஷ் நுனியால் கீறினாய், மச்சான்? மூன்று தரம் ஒயிலுக்கு மேலே பிடித்தேன். கை விடவில்லை.

சனிக்கிழமை ஹவுஸ்மைஸ்டர் எண்ணினார். "பத்தொன்பது. ஒரு பொம்பிளை குறையுதே?"

"ஓம், அவ இன்னும் வந்து சேரேல்லை" என்றேன், என் ஓட்டை ஜெர்மனில்.

என் முகத்தைப் பார்த்தார். பொத்தியிருந்த என் கையைப் பார்த்தார். பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

இவளைத் தபாலில் போட மாட்டேன். வழியில் சோதிக்கிற ஆமிக்காரன் குண்டென்று உடைத்துப் பார்த்தால்? தங்கச்சி இங்கே வந்தாலும் சரி, என்னை இவர்கள் அங்கே திருப்பி அனுப்பினாலும் சரி, என் கையால் அவள் கையில் கொடுப்பேன். அதுவரைக்கும் ஒரு துளி ஒயில் பட விடமாட்டேன்.

உன் பெண்சாதியின் தமையன்,
சிவம்