பிலோமினா அக்கா பேசிய ஒரு மணித்தியாலம்

அன்பான யசோ மச்சாளுக்கு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீர் என்று இன்னமும் நினைக்கிற சுபா எழுதுவது.

உம்முடைய கடைசி நாட்களில் நான் உமக்குச் சொன்னது ஒரு பொய். பத்து மாதமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிட்டேன். அதனால்தான் இன்றைக்கு உமக்கு எழுதக் கை வருகிறது. நீர் வேலை செய்த கொட்டாஞ்சேனை ஒபீஸ் அக்காமார் தங்கள் சஞ்சிகைக்கு உம்மைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள். உம்மைப் புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இதை அப்படியே போடட்டும். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன், காலம் அப்படி.

எங்கள் வெள்ளவத்தை அறையில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. தண்டவாளத்தில் கோச்சி போகும்போது யன்னல் கண்ணாடி இப்போதும் அதிருகிறது. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று காட்டும் பொலிஸ் பதிவுத் துண்டிலிருந்து உம்முடைய பெயரை வெட்டுவதற்கு ஒரு முழு நாள் வரிசையில் நின்றேன். உம்முடைய கட்டிலில் என்னுடைய புத்தகங்கள் படுத்திருக்கின்றன. கோபிக்கமாட்டீர்தானே?

உம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காக உம்முடைய வேலையைச் சொல்லவேண்டும். ஆமியின் சுற்றிவளைப்புகளில் பிடிபட்ட பிள்ளைகளின் தாய்மாரிடம் போய், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, தட்டச்சு செய்து, சட்டத்தரணியிடம் கொடுப்பது. முதலில் கசெற்றில்தான் பதிந்தீர். அரை மணித்தியாலத்தில் கசெற்றின் ஒரு பக்கம் முடிந்து 'டக்' என்று நிற்கும். அந்தச் சத்தத்தோடு தாயும் நிறுத்திவிடுவாள். நீர் பக்கம் மாற்றிப் போட்ட பிறகு அவள் வேறெதையோ கதைப்பாள். விட்ட இடத்துக்கு ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை என்று நீர் சொல்லிச் சொல்லி மாய்ந்தீர். கடைசியில் ஒபீஸ், சின்ன டிஸ்க்கில் பதிகிற ஒரு மினிடிஸ்க் ரெக்கோடர் வாங்க ஒத்துக்கொண்டது.

புறக்கோட்டைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர். கடைக்கார நானா மூன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்தார். நான் வெள்ளி நிறத்தில் இருந்த மெல்லியதை எடுத்தேன். அது பாட்டுக் கேட்க மட்டும்தானாம், மைக் செருக இடமில்லையாம். இரண்டாவது நல்லதுதான், ஆனால் சுவிங்கம் மாதிரித் தட்டையான அதன் பற்றரியை மின்சாரத்தில்தான் ஏற்றவேண்டும். கரண்ட் வெட்டுகிற ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டீர். மூன்றாவது தடித்தது, அழகில்லாதது. பெட்டிக்கடையில் வாங்கும் பென்சில் பற்றரி போதும். மைக்குக்குச் சிவப்பு வளையம் போட்ட துளை. சத்தத்தின் அளவைக் கையால் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு காதுக்கும் ஒரே சத்தமென்று மோனோவில் பதிந்தால் ஒரு டிஸ்க்கில் இரண்டரை மணித்தியாலம்.

அதோடு விட்டீரா? பதிந்து பார்க்கவேண்டும், மின்விசிறியை நிறுத்துங்கோ என்றீர். புறக்கோட்டையில், மத்தியானத்தில்! நானா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சிமார் மெஷின் வாங்க வந்தீங்களா, என்னய வேக வைக்க வந்தீங்களா?"

அதை அப்படியே அவருக்குப் போட்டுக் காட்டினீர். தன்னுடைய குரலைக் கேட்டுவிட்டு மனிதர் வெட்கப்பட்டுப் போனார். மைக்குக்கு மாட்டும் பஞ்சு உறையைச் சும்மா தந்தார்.

வீட்டுக்கு வந்து எனக்கும் பழக்கினீர். மைக்கை மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காதேயும், உள்ளே சுழலுகிற சத்தமும் விழும் என்றீர். சத்தத்தின் அளவைக் காட்டும் கோடுகள் கடைசிக் கட்டத்தைத் தொடக்கூடாது என்றீர். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று சொன்னீர். நிறுத்தியவுடன் மெஷின் சும்மா இருக்காது. பதிந்தது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்க்கின் முன்பக்கத்தில் ஒரு பொருளடக்கம் எழுதும். மெஷினின் சின்னக் கண்ணாடியில் எழுத்து மின்னி மின்னி அணையும்வரை தொடக்கூடாது. பொருளடக்கம் இல்லாத புத்தகத்தை நான் எத்தனையோ வாசித்திருக்கிறேன் என்றேன். "உமக்கு வாசிக்கத் தெரியும். அதுக்குத் தெரியாது. பொருளடக்கம் இல்லையெண்டா முழுப் புத்தகமும் வெறும் தாள் எண்டு நினைச்சிடும்" என்றீர்.

இவ்வளவும் தெரிந்துதான் செய்தேன், மச்சாள்.

அந்தக் கிழமை உமக்குக் காய்ச்சல். கொட்டாஞ்சேனையில் பிலோமினா அக்கா வரச்சொன்ன நாள் தவறக்கூடாது என்று என்னை அனுப்பினீர். அவருடைய மகன் ரொஷான் பிடிபட்டு மூன்று கிழமை. அவர் மேசையில் மைக்கை வைத்தேன். முதல் பத்து நிமிடம் கோயிலில் வாசிக்கிற மாதிரிப் பேசினார். பிறகு மைக்கை மறந்துவிட்டார். ஒரு மணித்தியாலம். 'டக்' என்ற சத்தம் இல்லை, அவரும் நிறுத்தவில்லை. மகனைக் காட்டிக்கொடுத்தது யார் என்று தனக்குத் தெரியும் என்றார். மூன்றாவது வீட்டுக்காரர், சில்வெஸ்டர் என்று பெயரையும் சொன்னார்.

நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தியபோது ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம். வீடு வீடாகப் பதிவுத் துண்டு பார்க்க ஆமி வந்திருந்தது. என் கை தன்பாட்டில் மெஷினின் மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்றியது.

ஏன் என்று உமக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். போர்க்காலத்தில், பற்றரியைக் கண்டாலே ஆமி குண்டென்று சந்தேகித்த ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். டோர்ச்சோ ரேடியோவோ, காவலரணைக் கண்டவுடன் பற்றரியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்போம். மெஷின் உயிரோடு இல்லை, பயப்படவேண்டாம் என்று அவர்களுக்குக் காட்டுவதற்கு. கொழும்புக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. கசெற் ரெக்கோடருக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. இது வேறு மெஷின், பொருளடக்கத்தை எழுத நான் விடவில்லை.

வாசலுக்கு வந்த ஆமிக்காரர் வயது குறைந்தவர். இது என்ன நங்கி என்று, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி, சிங்களத்தில் கேட்டார். பாட்டுக் கேட்கிறது என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். அவர்கள் போன பிறகு எனக்கு எவ்வளவு நிம்மதி! பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பற்றரியைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் வெறுமை என்று காட்டியது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். வெறுமை. வெள்ளவத்தையைத் தாண்டித் தெகிவளைவரை கொண்டுபோய் விட்டது பஸ், இறங்க மறந்துவிட்டேன்.

நீர் போர்வைக்குள்ளிருந்து கேட்டீர்:

"வந்துதோ?"

"ஓம் மச்சாள். நல்லா வந்திருக்கு."

காய்ச்சல் விட்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிலோமினா அக்கா என்ன சொன்னவ என்று கேட்டீர். கட்டில் விளிம்பில் இருந்து நினைவிலிருந்ததை எல்லாம் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர். போட்டுக் காட்டும் என்று மட்டும் நீர் கேட்கவில்லை. எந்தப் பதிவையும் இரண்டுதரம் கேட்கிற நீர், ஏன் கேட்கவில்லை? உமக்குத் தெரிந்துவிட்டதா?

நுளம்புக் காய்ச்சல், டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நாலாவது நாள். ஆறாவது நாள் நீர் இல்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் கேவலம். உம்முடைய முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து ஒபீஸ் பெரியக்கா டிஸ்க்கைக் கேட்டார். யசோவின்ர சாமானுக்குள்ள பாக்கிறன் என்றேன். மெஷினும் டிஸ்க்கும் என்னுடைய அலுமாரிக்குள் இருந்தன. அடுத்த மாதமும் கேட்டார். தேடுகிறேன் என்றேன். பிறகு அவரே, "பாவம், காய்ச்சலோட எங்க கொண்டுபோய் வச்சாளோ" என்று விட்டுவிட்டார். ஒரு சாமானையும் இடம் மாறி வைக்காத உம்மீது, நீர் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பழி விழ விட்டேன்.

போன மாதம் பெரியக்கா தொலைபேசியில் சொன்னார்: பிலோமினா மூன்றாம் தரமும் வந்து டிஸ்க்கைக் கேட்டுவிட்டுப் போகிறாராம். ரொஷான் இன்னும் உள்ளே இருக்கிறான், அந்தச் சாட்சியம் இல்லாமல்தான் வழக்கு நிற்கிறது என்று நானே முடிவுகட்டினேன். இரண்டு ஞாயிறு பஸ் நிற்கும் இடம்வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது ஞாயிறு மெஷினையும் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தது ஒரு பெடியன். தலை ஈரம், தோளில் துவாய். போனமுறை சுவரில் இருந்த படத்தில் நான் பார்த்த அதே முகம், கொஞ்சம் மெலிந்திருந்தது. "மம்மி, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

மச்சாள், ரொஷான் வந்துவிட்டான். ஐந்து மாதமாகிறதாம். தாய் தனியாகப் பிடித்த சட்டத்தரணி கையால் எழுதிவைத்த குறிப்பே போதுமாக இருந்ததாம். ஒபீஸுக்குச் சொல்லவேண்டும் என்று தாய்க்குத் தோன்றியதாம். வேறொரு பயத்தில் சொல்லவில்லையாம். கேட்காமலே கதிரையில் இருந்துவிட்டேன்.

பிலோமினா அக்கா தேத்தண்ணியைக்கூட வைக்கவில்லை. "கொண்டு வந்தீங்களா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்: பற்றரி, வெறுமையான டிஸ்க், உமக்குச் சொன்ன பொய், ஒபீஸுக்குச் சொன்ன பொய்.

"ஒண்ணுமே இல்லையா அதுல? நான் அந்த மனுசன் பேரச் சொன்னது?"

"இல்லை அக்கா."

"மாதாவே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. முந்தானையை எடுத்தபோது சிரிப்பும் அழுகையுமாக இருந்தார்.

நடந்தது இதுதான். ரொஷானைப் பிடித்துக்கொண்டு போன அன்று காலை சில்வெஸ்டர் சந்தியில் பொலிஸாரோடு கதைத்துக்கொண்டு நின்றதை இவர் கண்டிருக்கிறார். காட்டிக்கொடுக்கிறான் என்று மனதில் விழுந்துவிட்டது. ரொஷான் வந்துதான் சொன்னான்: அந்த மனிதர் பெடியனை விடச்சொல்லி மன்றாடிக்கொண்டு நின்றாராம். பிறகு இரண்டு தரம் பொலிஸுக்கும் போயிருக்கிறார், தனக்குத் தெரிந்த பிள்ளை என்று சொல்ல. இரண்டாம் தரம் அறை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பிலோமினா அக்காவுக்கு ஒரே பயம்: அந்த டிஸ்க் எங்கே சுற்றுகிறது, யார் கையில் இருக்கிறது, தன்னுடைய குரலைக் கேட்டு, காட்டிக்கொடுத்தவனைத் தண்டிக்க என்று யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்களா? மகன் வந்ததைச் சொன்னால் ஒபீஸ் டிஸ்க்கைத் தேடுவதை விட்டுவிடும் என்றும் பயந்திருக்கிறார்.

"என் வாயால இன்னொருத்தி புருசனுக்காக அலையணுமான்னு நெனச்சேன், புள்ள."

எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் நெஞ்சில் குறுகுறுத்தது. பொருளடக்கம்தான் இல்லை, பேச்சு இன்னும் டிஸ்க்கில் கிடக்கலாம். தெரிந்தவன் ஒருவன் முயன்றால் தோண்டி எடுக்கக்கூடும் என்று நீர் ஒருதரம் சொன்னீர். அவருடைய நிம்மதியைக் கெடுக்க மனமில்லை. இன்னொரு பொய் சொல்லவும் மனமில்லை. சொன்னேன். அவர் முகம் மறுபடி கறுத்தது.

"அப்ப என்ன செய்யிறது?"

மேலே வேறொன்றைப் பதிந்தால் அழிந்துவிடும், முதலிலிருந்து, ஒரு மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் கூட என்றேன். என்னத்தைப் பேசுவது என்றார். எதையாவது என்றேன். பாணின் தரம், மகனின் தலைமயிர், கோயில் திருநாள் என்று தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் பேச்சு வற்றிவிட்டது. அப்போது வாசலில் ஒரு குரல். புறக்கோட்டையில் மீன் வாங்கிவந்த சில்வெஸ்டர், ஞாயிறென்றால் இந்த வீட்டுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பாராம்.

பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். கோடுகள் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தன.

"இருங்க அண்ணே. புள்ள மெஷின் சரியா வேல செய்யுதான்னு பாக்குது. கொஞ்சம் பேசிட்டுப் போங்க."

"ரேடியோல வருமா?"

"வராது. அழிச்சிருவாங்க."

"அப்ப உண்மையெல்லாம் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு மனிதர் கதிரையை இழுத்துப் போட்டார். பாரை மீனின் செவுளைப் பார்த்து எப்படி நாள் சொல்வது, எந்த முதலாளி பழைய மீனுக்குப் புது ஐஸ் போடுகிறான், தன் மனைவி கறிக்குப் போடுகிற புளியின் அளவு. ஒரு மணித்தியாலம் நிறுத்தவில்லை. ரொஷான் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் தாய் மீனுக்கு உப்புப் பூசிக்கொண்டு, அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்க்கைப் பிலோமினா அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஒபீஸுக்குப் போய்ப் பெரியக்காவிடம் சொன்னேன். "அவளை எத்தின தரம் மனசுக்குள்ள ஏசியிருப்பன், தெரியுமே உனக்கு?" என்றார். பிறகு என்னையும் வேண்டிய மட்டும் ஏசினார். வெளியே வந்து படியில் இருந்தேன். உமக்காக அன்றுதான் சரியாக அழுதேன் என்று நினைக்கிறேன். அதுவரை உம்மை நினைக்கப் பயமாக இருந்தது.

உம்முடைய வேலையைச் சனிக்கிழமைகளில் நான் செய்யப்போகிறேன். பெரியக்காவிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார். பதிந்த டிஸ்க் ஒரு கிழமை தாயின் கையிலேயே இருக்கும். அந்த ஒரு கிழமைக்குள் அவள் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் அழித்துக் கொடுப்பேன். ஒபீஸின் மேல் மாடியில் வருகிற சனிக்கிழமை ஒரு தாய் காத்திருக்கிறார். அவர் எதைச் சொன்னாலும், எதைத் திருப்பி எடுத்தாலும், உமக்கு வந்து உள்ளதை உள்ளபடி சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உம்முடைய மாமாவின் மூத்த மகள்,
உமக்குப் பக்கத்துக் கட்டில் மச்சாள்,
சுபா