பலகையைத் துடைத்த கதை

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை முழங்காலுக்குத் தேயுங்கள், மீசைக்கு வேண்டாம்.

இங்கே ஒரு கூத்து. நான் கூட்டித் துடைக்கும் கல்லூரியில் ஒரு கண்ணாடிக்காரப் பெண், உலகத்தில் பிள்ளைகள் ஏன் படிப்பை விடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாள். பலகை நிறைய எழுதி வைத்திருந்தாள். நான் பளிச்சென்று துடைத்துவிட்டேன்.

"ஐயோ அக்கா, ரெண்டு மாச உழைப்பு!" என்று தலையில் கை வைத்தாள்.

"அழாதேம்மா. நானே அஞ்சாவதோட நின்னவ. காரணம்தானே? சொல்றேன், எழுதிக்கோ."

தண்ணீர் எடுக்கப் போனது, தம்பியைத் தூக்கியது, வாத்தியாரே வராதது என்று அடுக்கினேன். அவள் நாற்காலிமேல் ஏறி எழுதினாள்.

"அக்கா, நீங்கதான் புரொபசர்!"

"அப்ப துடைப்பத்தை நீ பிடி."

கடைசியில், "அப்பா செத்து, அம்மா வேலைக்குத் தூரமாப் போயிட்டா, வீட்டுல பொங்கிப்போட பொண்ண நிறுத்திடுவாங்க" என்று வாயில் வந்துவிட்டது.

"இது உங்களுக்கு நடந்ததா?"

"இல்ல, என் மகளுக்கு."

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் மகளை சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டிருப்பார். இங்கே அழுதால் அந்தத் தரையையும் நானேதான் துடைக்க வேண்டும்.

அப்பா, திங்கட்கிழமை அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுங்கள். சோறு நீங்களே பொங்கிக்கொள்ளுங்கள்; ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர். குழைந்தால் கஞ்சி என்று நினைத்துக் குடியுங்கள். சீருடை பெட்டியின் அடியில் இருக்கிறது. நான் இங்கே வந்த இந்த நாலு மாதத்தில் வளர்ந்திருப்பாள். எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. கீழ்மடிப்பை முழுசாகப் பிரித்துவிடுங்கள். மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்